கர்ஜிக்கும் கிதாருக்கு ஈகுவலைசர் கடிவாளம்

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும் எல்லோரும் ஈகுவலைசரைப் பார்த்திருப்பீர்கள். வின்ஆம்ப் சாப்ட்வேரில் 10 ஸ்லைடர்கள் வரிசையாக நிற்கும். மொபைல் போனில் ராக், பாப், கிளாசிக்கல் என்று பெயர் போட்டு இதே வசதி இருக்கும். 'ராக்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். அந்த ஸ்லைடர்கள் உண்மையில் என்ன செய்கின்றன? அவற்றைக் கொண்டு எலெக்ட்ரிக் கிதாரின் கர்ஜனையை எப்படி ஒழுங்குபடுத்துவது? இந்தப் பாடத்தில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கிதார் இல்லாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஈகுவலைசர் புரிந்துவிட்டால் குரல் பதிவு, வீடியோவின் ஆடியோ, வீட்டு ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனால் ஈகுவலைசரின் வேலை மிகத் தெளிவாகக் காதில் விழுவது ஹை கெயின் கிதாரில்தான்.

ஹை கெயின் என்றால் என்ன?

கிதாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. ஆம்ப்ளிபயர் அதைப் பெரிதாக்குகிறது. தன்னால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரில் இது நடந்தால் குறை. கிதாரிலோ இதுவே அழகு! உச்சி வெட்டுப்படும்போது மூல சுரத்தின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வெண்களில் புதிய ஒலிகள் பிறக்கின்றன. ராக், மெட்டல் இசையில் கேட்கும் கர்ஜனை இதுதான்.

நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. 2009ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் சுவீடன் நாட்டு மெட்டல் குழுவான ஓபெத் வந்து வாசித்தது. அதே ஐஐடியில் பொறியியல் படித்த கிதார் கலைஞர் பிரசன்னா, ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006ல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார். கர்நாடக இசையும் ராக் கிதாரும் சேர்ந்த ஆல்பம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 2010ல் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசை அகாடமிக்கும் அவர் தலைவராக இருந்தார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்

ஒலி ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறோம். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கிதாரின் தடித்த ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸ். மெல்லிய முதல் கம்பி 329.6 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் தடித்த கம்பி 41.2 ஹெர்ட்ஸ். கிதார் ஆம்ப்ளிபயரில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஹை கெயின் கிதாருக்கான வரைபடம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே: கிதாருக்கு இங்கே வேலை இல்லை. இது பேஸ் கிதாருக்கும் கிக் டிரம்முக்கும் உரிய இடம்.

100 முதல் 200 வரை: கனம். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும்போது நெஞ்சில் இடிக்கும் 'டம்' இங்கே இருக்கிறது.

200 முதல் 400 வரை: கொஞ்சம் இருந்தால் கதகதப்பு. அதிகமானால் கலங்கல்.

500 முதல் 1,000 வரை: கிதாரின் உடம்பு. என்ன சுரம் வாசிக்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரிவது இதனால்தான்.

1,500 முதல் 3,000 வரை: பிக் கம்பியில் படும் தாக்கம், தெளிவு.

3,000 முதல் 5,000 வரை: கடி. அளவு மீறினால் காது வலிக்கும்.

6,000க்கு மேல்: பெரும்பாலும் வண்டு ரீங்காரம் போன்ற இரைச்சல்.

ஸ்லைடரை ஏற்றுவதும் இறக்குவதும் டெசிபல் கணக்கில் நடக்கிறது. 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் 2 மடங்காகும். எனவே 2, 3 டெசிபல் மாற்றமே காதுக்குத் தெரியும். ஒரேயடியாக 12 டெசிபல் ஏற்ற வேண்டாம். மாமல்லபுரத்தில் கல் சிற்பம் செதுக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாததை நீக்கித்தான் உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். ஈகுவலைசரிலும் முதலில் குறைத்துப் பாருங்கள். ஏற்றுவது கடைசியில்தான்.

முன்னாலா, பின்னாலா?

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். ஈகுவலைசரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும் ஒன்றல்ல.

பின்னால் வைத்தால் பிறந்துவிட்ட ஒலியின் நிறம் மாறும். முன்னால் வைத்தால் என்னென்ன ஒலிகள் பிறக்க வேண்டும் என்பதே மாறும். ஏன்? டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலியாக வெளிவரும். ஆறாவது கம்பியின் 82.4 ஹெர்ட்ஸையும் ஐந்தாவது கம்பியில் 123.5 ஹெர்ட்ஸையும் சேர்த்து வாசியுங்கள். கழித்தால் 41.1. இது முதல் சுரத்தின் சரிபாதி, அதாவது ஒரு ஆக்டேவ் கீழே. அதனால் பொருந்திப் போகிறது. பவர் கார்டு தடிமனாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். இதுவே ஆறு கம்பிகளையும் சேர்த்து முழு கார்டு வாசித்தால் பொருந்தாத கழித்தல்கள் பல வந்து ஒலி சேறாகிவிடும். அடி ஒலி வலுவாக இருந்தால் சேறும் அதிகம்.

எனவே அனுபவசாலிகள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் அடி ஒலியைக் குறைத்துவிட்டு, தேவையான கனத்தைப் பின்னால் சேர்க்கிறார்கள். ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சை நிறப் பெடலை மெட்டல் கிதார்காரர்கள் டிரைவ் குமிழைக் கிட்டத்தட்ட பூஜ்யத்திலும் லெவல் குமிழை அதிகமாகவும் வைத்து, ஹை கெயின் ஆம்ப்ளிபயருக்கு முன்னால் போடுவது இதற்காகத்தான். அந்தப் பெடல் அடி ஒலியைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு ஒலியை முன்னுக்குத் தள்ளும்.

ஆடாசிட்டியில் செய்து பார்ப்போம்

இதற்குப் பெடலோ ஆம்ப்ளிபயரோ தேவையில்லை. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும். மூன்றாவது பதிப்பு வரிசையை வைத்து எழுதுகிறேன்.

முதலில் இணைப்பு. கிதாரை நேரடியாகக் கம்ப்யூட்டரின் மைக் துளையிலோ லைன் இன் துளையிலோ செருகினால் ஒலி மங்கலாக வரும். கிதார் பிக்கப்புக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஓம் எதிர்ப்புள்ள உள்ளீடு வேண்டும். யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் வாங்கும்போது இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை இசட் என்ற பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்தி வையுங்கள்.

1. ஆடாசிட்டியைத் திறந்து 'ஆடியோ செட்டப்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ரெக்கார்டிங் டிவைஸ் என்பதில் உங்கள் இன்டர்பேஸையும், ரெக்கார்டிங் சேனல்ஸ் என்பதில் மோனோவையும் தேர்ந்தெடுங்கள்.

2. எபெக்ட் எதுவும் இல்லாமல் 30 வினாடிகள் வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஆறாவது கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசித்தது கொஞ்சம், பவர் கார்டு கொஞ்சம், தனிச் சுரங்கள் கொஞ்சம் இருக்கட்டும். மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடினால் போதும்.

3. கன்ட்ரோல் கீயுடன் ஏ கீயை அழுத்தி முழுவதையும் செலக்ட் செய்து, கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்துங்கள். அதே பதிவு இன்னொரு டிராக்காக வரும். முதல் டிராக்குக்கு 'அ' என்றும் இரண்டாவதற்கு 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம்.

4. 'ஆ' டிராக்கை மட்டும் செலக்ட் செய்யுங்கள். எபெக்ட் மெனுவில் 'ஈக்யூ அண்ட் ஃபில்டர்ஸ்' பிரிவில் 'ஹை பாஸ் ஃபில்டர்' இருக்கும். அதில் 120 ஹெர்ட்ஸ், ரோல் ஆஃப் 12 டெசிபல் என்று கொடுத்து அப்ளை செய்யுங்கள்.

5. இரண்டு டிராக்குகளுக்கும் தனித்தனியாக 'நார்மலைஸ்' கொடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் டிஸ்டார்ஷனுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக இது.

6. எபெக்ட் மெனுவில் 'டிஸ்டார்ஷன் அண்ட் மாடுலேஷன்' பிரிவில் 'டிஸ்டார்ஷன்' திறந்து, வகையாக 'ஹார்டு ஓவர்டிரைவ்' தேர்ந்தெடுங்கள். இரண்டு டிராக்குக்கும் ஒரே அளவு கொடுங்கள்.

7. இப்போது கேட்டால் தகரத்தைக் கீறியது போல இருக்கும். பயப்பட வேண்டாம். 12 அங்குல ஸ்பீக்கர் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த ஸ்பீக்கர் இங்கே இல்லை. அதற்குப் பதிலாக 'லோ பாஸ் ஃபில்டர்' எடுத்து 5,000 ஹெர்ட்ஸ், ரோல் ஆஃப் 24 டெசிபல் கொடுங்கள். அசல் ஸ்பீக்கருக்கு இணையாகாது, பாடத்துக்குப் போதும்.

8. கடைசியாக 'வால்யூம் அண்ட் கம்ப்ரஷன்' பிரிவில் உள்ள 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' மூலம் இரண்டையும் மைனஸ் 20 எல்யூஎப்எஸ் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். சத்தம் கூடுதலாக உள்ளதே நல்லது என்று காது ஏமாறும். ஒரே சத்தத்தில் வைத்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

இனி ஒவ்வொரு டிராக்கிலும் உள்ள 'சோலோ' பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். 'அ' டிராக்கில் அமுக்கி வாசித்த இடம் தொளதொளவென்று இருக்கும். 'ஆ' டிராக்கில் அதே இடம் 'டக் டக்' என்று இறுகி நிற்கும்.

இப்போது 'ஆ' டிராக்கில் 'கிராபிக் ஈக்யூ' திறங்கள். 31 ஸ்லைடர்கள் வரும். 125, 160 இரண்டையும் 3 டெசிபல் ஏற்றுங்கள். 250, 315 இரண்டையும் 2 டெசிபல் இறக்குங்கள். இழந்த கனம் திரும்பும், சேறு திரும்பாது. பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்திப் பழைய நிலைக்கு வரலாம். எத்தனை முறை செய்தாலும் செலவில்லை!

'வி' வடிவ மயக்கம்

கிதாரோடு ஈகுவலைசரைத் தொடும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்று உண்டு. அடி ஒலியையும் மேல் ஒலியையும் ஏற்றி, நடுவை அடியோடு இறக்குவது. ஸ்லைடர்களைப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துப் போல இருக்கும். மேசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை ஆம்ப்ளிபயர்களில் 80, 240, 750, 2,200, 6,600 ஹெர்ட்ஸ் என்று ஐந்து ஸ்லைடர்கள் இருக்கும். அதில் 750ஐ இறக்கி வைக்கும் வழக்கம் பிரபலம். 1986ல் வெளிவந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்தில் இந்த வரிசையின் ஆம்ப்ளிபயர் பயன்பட்டது. ஆனால் அது ஸ்டூடியோ. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியிருப்பார்கள். மேடையில் ஒற்றைக் கிதாருக்கு அது அப்படியே பொருந்தாது.

வீட்டில் 'வி' ஏன் இனிக்கிறது? காரணம் நம் காதில் இருக்கிறது. 1933ல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலி நம் காதுக்கு மிகக் குறைவாகவே கேட்கிறது. சத்தம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறைகிறது. அதனால் இரவு 10 மணிக்கு மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஏற்றி வைத்த அடி ஒலி, மேடையில் சத்தமாக வைத்ததும் வெள்ளமாகப் பெருகும். இறக்கி வைத்த நடுவோ டிரம்ஸுக்கும் பேஸுக்கும் இடையே காணாமல் போகும்.

என் சித்தி மகன் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது இதுதான் நடந்தது. அவனும் நண்பர்களும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பயிற்சி செய்வார்கள். கல்லூரி விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

"அண்ணா, என் கிதார் யாருக்குமே கேக்கலையாம். ஆம்ப் பத்தலை. அப்பாகிட்ட 25,000 கேட்டுப் பெருசா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றான்.

சித்தப்பா பஸ் நிலையம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அந்தத் தொகை அவருக்குச் சாதாரணமல்ல. "முதல்ல உங்க பயிற்சியை மொபைல்ல பதிவு பண்ணிக் கொண்டு வா" என்றேன்.

கொண்டுவந்த பதிவை ஆடாசிட்டியில் திறந்தோம். 'அனலைஸ்' மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' கொடுத்தால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும். அவன் கிதாரைத் தனியாக வாசித்த இடத்தில் 750 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம். 100க்குக் கீழே மலை. அங்கே ஏற்கெனவே பேஸ் கிதார் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தன.

ஆம்ப்ளிபயரில் பேஸ் குமிழைக் குறைத்து, மிடில் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றச் சொன்னேன். தனியாக வாசித்தபோது "மூக்கடைச்ச மாதிரி இருக்குண்ணா" என்று முகம் சுளித்தான். அடுத்த ஞாயிறு கொட்டகையில் டிரம்ஸோடு வாசித்ததும் போன் செய்தான். வால்யூமை ஏற்றாமலே கிதார் கேட்டதாம். விழாவும் அதே பழைய ஆம்ப்ளிபயரில் முடிந்தது. அந்த மாதம் சித்தப்பா கையிலிருந்த பணத்தில் கடை மெஷினுக்கு டிரம் மாற்றினார்.

நீங்களும் இப்படிச் சோதிக்கலாம். பைல் மெனுவில் 'இம்போர்ட்' மூலம் டிரம்ஸும் பேஸும் மட்டும் உள்ள ஒரு டிராக்கைக் கொண்டுவாருங்கள். அதோடு சேர்த்துக் கேட்டபடி கிராபிக் ஈக்யூவில் 630, 800 இரண்டையும் 3 டெசிபல் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். கிதாரைத் தனியாகக் கேட்டு எடுக்கும் முடிவு குழுவில் பெரும்பாலும் தப்பும்.

ஈகுவலைசரால் ஆகாதவை

மங்கலான ஒலிக்கு எல்லாம் மேல் ஒலியை ஏற்றுவது மருந்தல்ல. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய கம்பியில் மேல் ஒலி பிறப்பதே குறைவு. இல்லாததை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். முதலில் கம்பியை மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கேபிள் செருகும் ஜாக்கையும் பாருங்கள்.

அடுத்தது ஹம் ஓசை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் 50ல் மட்டுமல்ல, 100, 150 என்றும் வரும். ஹை பாஸ் ஃபில்டர் 50ஐ அடக்கும். 100ம் 150ம் கிதாரின் கனத்தோடு கலந்திருப்பதால் அவற்றை வெட்டினால் கிதாரும் போய்விடும். எனவே மூலத்தில் சரிசெய்யுங்கள். பேன் ரெகுலேட்டர், டியூப் லைட் இவற்றை அணைத்துப் பாருங்கள். மானிட்டரிலிருந்து தள்ளி உட்காருங்கள். பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். ஹம் நிற்கிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடவே கூடாது. கிதாரின் உலோகக் கம்பியை நீங்கள் தொட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது உங்கள் காது. நான் குடியிருப்பது மாடிப் போர்ஷனில். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். எனவே ஹெட்போனில்தான் பயிற்சி. ஹெட்போனில் ஒரு பட்டையை ஏற்றும்போது மொத்த சத்தமும் ஏறுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், 88ல் 4 மணி நேரம், 91ல் 2 மணி நேரம், 100ல் வெறும் 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஏற்றிய ஒவ்வொரு முறையும் மொத்த வால்யூமைக் குறையுங்கள்.

அடுத்த படி

ஆடாசிட்டியில் பழகிய பிறகு, வாசிக்கும்போதே டிஸ்டார்ஷனைக் கேட்க நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச சாப்ட்வேரை முயலலாம். அசல் ஆம்ப்ளிபயரின் ஒலியைப் படித்து உருவாக்கிய மாடல் பைல்களை அது இயக்கும். ஸ்பீக்கரின் குணத்தைப் பதிவு செய்த ஐஆர் பைலையும் அதிலேயே லோடு செய்யலாம். நம் லோ பாஸ் ஃபில்டரைவிட அது பல மடங்கு நிஜமாக இருக்கும்.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் வந்தால் பஃபர் அளவைக் குறையுங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லி வினாடி. 512 என்றால் 10.7. ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அதாவது 10 மில்லி வினாடி என்பது ஆம்ப்ளிபயரிலிருந்து 3.4 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம்.

அங்கேயும் வரிசை இதேதான். கிதார், அடி ஒலியைக் குறைக்கும் ஈகுவலைசர், ஆம்ப், ஸ்பீக்கர் ஐஆர், கடைசியில் நிறத்தைச் சரிசெய்யும் ஈகுவலைசர். புதிய பெடலுக்கும் பெரிய ஆம்ப்ளிபயருக்கும் பணம் எடுத்து வைக்கும் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இந்த வரிசைக்கு ஒதுக்குங்கள். இரண்டு டிராக், ஒரே சத்தம், சோலோ பட்டன். உங்கள் காதே தீர்ப்புச் சொல்லும்.